தேன்மொழிக்குச் சோகப் பாட்டு வராமல் போன நாட்கள்

மகளுக்குத் தேன்மொழி என்று பெயர் வைத்தபோது, அவள் வாயைத் திறந்தால் என்ன சத்தம் வரும் என்று அவளுடைய அப்பாவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அவளுக்குக் கரகரத்த குரல். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. தொடக்கப்பள்ளியில் தேசிய தினத்துக்குக் கூட்டுப்பாட்டுப் பழகியபோது, ஆசிரியை அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசைச்சா போதும்மா," என்றார். தேன்மொழி சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை. ஆறு வருஷம் வாயை மட்டும் அசைத்தாள்.

அந்தக் குரலுக்கு ஏற்ற வேலை பின்னால் தானாக அமைந்தது. தோ பாயோவில் நீச்சல் பயிற்றுநர். குளத்தின் ஒரு கோடியில் நின்று "காலை மடக்காதே!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், மறு கோடியில் தண்ணீருக்கடியில் இருக்கிற பிள்ளையின் கால் நிமிரும். அவள் விசில் வாங்கியதே இல்லை.

வயது நாற்பத்து நான்கு. கல்யாணமாகவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் கபிலன். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து பொங்கோலில் அரசாங்கம் கட்டித் தரும் வீவக வீட்டுக்கு விண்ணப்பித்து, வீடு கிடைத்து, எந்தச் சுவரோரம் அலமாரி என்பதுவரை பேசி முடித்திருந்தார்கள். பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "சாரி தேன், என்னால முடியல, என்னைத் தேடாதே," என்று குறுஞ்செய்தி வந்தது. அதன்பின் அவன் போனை எடுக்கவேயில்லை. தேன்மொழி அழவில்லை. அன்று பத்து மணிக்குப் பதினான்கு பிள்ளைகளுக்கு மல்லாந்து நீந்தச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, போய்ச் சொல்லிக்கொடுத்தாள். "ஒரு தடவை அழுது தொலைச்சிடேன்டி," என்று அம்மா பூவம்மா கெஞ்சிப் பார்த்தாள். அழுகை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்தாள்: அதற்குப் பிறகு பொங்கோல் பக்கமே போகவில்லை. தோழி வீட்டில் பிறந்தநாள் என்றாலும் சரி, நீச்சல் போட்டி என்றாலும் சரி, பொங்கோல் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும்.

இப்படிப்பட்டவளின் வாழ்க்கை தலைகுப்புறக் கவிழ்ந்தது, ஒரு சனிக்கிழமை பிற்பகலில், அம்மாவுக்கு வெற்றிலை வாங்கப் போன இடத்தில்.

டன்லப் ஸ்திரீட்டில் நடந்துகொண்டிருந்தாள். ஒரு கடைவீட்டின் மாடியிலிருந்து பெண்ணொருத்தி அலறும் சத்தம் கேட்டது. நெஞ்சைப் பிளந்துகொண்டு வருகிற அலறல். தேன்மொழி உயிர்காப்புப் பயிற்சி பெற்றவள். அலறல் கேட்டால் அவள் கால் யோசிக்காது. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, கதவைத் தள்ளித் திறந்து, "யாரு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினாள்.

உள்ளே மரத் தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி. அடுக்கடுக்காகக் கொசுவம் வைத்த சிவப்புப் பாவாடையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒரு கையைத் தலைக்குமேல் வளைத்தபடி உறைந்து நின்றாள். நாற்காலியில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்ட ஒரு மனிதர். அலறல் மூலையிலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"ஒன்னும் ஆகல அக்கா. பாட்டுதான்," என்றாள் அந்தப் பெண்.

"பாட்டா? யாரையோ கொலை பண்ற மாதிரில இருந்துச்சு!"

அந்தப் பெண் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு, மெல்ல நடந்து வந்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்த?"

"எதையாச்சும் சொல்லுங்க அக்கா, ப்ளீஸ்."

"நான் வெத்தலை வாங்க வந்தேன் லா."

அந்தப் பெண் திரும்பிக் கிட்டார்க்காரரைப் பார்த்தாள். "ஹரிசன், கேட்டீங்களா?"

"கேட்டேன்," என்றார் அவர். "வெத்தலைக்கே எனக்கு அழுகை வருது."

அந்தப் பெண்ணின் பெயர் யும்னா. தேக்காவில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் குடும்பம். ஸ்பெயினின் தெற்குப் பக்கம் நான்கு வருஷம் தங்கி, ஃபிளமெங்கோ ஆடக் கற்றுத் திரும்பியவள். ஆட்டத்துக்கு அவள் இருந்தாள், கிட்டாருக்கு ஹரிசன் இருந்தார். பாடத்தான் ஆள் கிடைக்கவில்லை. வந்தவர்களெல்லாம் இனிமையாகப் பாடினார்கள். ஃபிளமெங்கோவுக்கு இனிமை உதவாது என்றாள் யும்னா. உரசிக் கிழிந்த குரலைத்தான் அங்கே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்களாம். தேன்மொழிக்குத் தன்னைக் கேலி செய்கிறார்களோ என்று சந்தேகம் வந்தது.

"என்ன பாட்டு அது? என்ன சொல்லுது?"

"மூனு வரி, நாலு வரிதான் அக்கா. அவன் போய்ட்டான், கதவு தெறந்து கெடக்கு. அவ்வளவுதான்."

"ஏன் போனான்?"

"அது பாட்டுல இல்ல."

"திரும்பி வந்தானா?"

"அதுவும் இல்ல."

தேன்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இந்த மாதிரிப் பாட்டு அவளுக்குத் தெரியும். ஏன் போனான் என்று சொல்லாமல் போன ஒருவனைப் பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

சொல் தொடங்குவதற்கு முன்னால் வெறும் 'ஆய்' என்று ஒரு குரல் எடுக்க வேண்டும் என்றாள் யும்னா. "நம்ம ஐயோ மாதிரிதான் அக்கா. ஆனா வயித்துலேருந்து." முதல் தடவை தேன்மொழி கூச்சத்தோடு கொட்டாவி விடுவதுபோல் ஒன்று விட்டாள். இரண்டாவது தடவை கொஞ்சம் தேவலை. மூன்றாவது தடவை, எங்கே இருந்தது என்றே தெரியாத ஒன்று அடியிலிருந்து கிளம்பி, தொண்டையைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நிறுத்தியபோது அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. உடனே கதவைத் தட்டும் சத்தம். கீழே துணிக்கடை வைத்திருப்பவர் மூச்சு வாங்க நின்றிருந்தார்: "யாரும்மா? யாருக்கு என்ன ஆச்சு?"

தேன்மொழி அழுதுகொண்டே சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. அன்றைக்கு வெற்றிலை இல்லாமல் வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் டன்லப் ஸ்திரீட்தான். சொலெயா என்று ஒரு வகைப் பாட்டு. தனிமை என்ற சொல்லிலிருந்து பிறந்ததாம். பன்னிரண்டு தட்டுக் கணக்கு. பிள்ளைகளின் கைவீச்சை இருபது வருஷமாக எண்ணியவளுக்குக் கணக்கு சுலபமாகப் பிடிபட்டது. ஸ்பானிய வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். ஆனால் எழுதியதைப் படிக்க முடியவில்லை. தாளைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். அப்போதும் எழுத்து எறும்பாக ஊர்ந்தது.

"தேன்மொழி, பாட்டு கஷ்டமா, இல்ல எழுத்து கஷ்டமா?" என்று கேட்டார் ஹரிசன். அவருக்குத் தோ பாயோவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை; கண் சோதித்துப் பார்ப்பவர். யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், வயது நாற்பத்தேழு. மனைவி பத்து வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கிக்கொண்டு மெல்பர்னுக்குப் போய்விட்டாள். அந்த வருஷம்தான் கிட்டார் வாங்கினாராம். இதை அவர் புலம்பலாகச் சொல்லவில்லை. வீட்டில் திடீரென்று நிறைய இடம் கிடைத்தது என்றார்.

மறுவாரம் தேன்மொழி அந்தக் கடையின் சோதனை அறையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்தது. எதிரே எழுத்துகள். ஹரிசன் அவள் மூக்கின்மேல் கனமான சட்டமொன்றை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்.

"ஒன்னாவது தெளிவா, ரெண்டாவதா?"

"ரெண்டு."

"இப்போ? மூனா, நாலா?"

"மூனு... இல்ல, நாலு. இன்னொரு தடவை காட்டுங்க."

அவர் குனிந்து வில்லையைத் திருப்பினார். அவர் மூச்சில் இஞ்சித் தேநீர் வாசனை. இருவரின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இல்லை.

"இப்போ எப்படி இருக்கு?"

தேன்மொழி எழுத்துகளைப் பார்க்கவில்லை. "இப்போ ரொம்பத் தெளிவா இருக்கு," என்றாள்.

ஹரிசன் கையிலிருந்த வில்லையைக் கீழே போட்டுவிட்டார். அதைத் தேட இருவருமே குனிந்தார்கள். தலையோடு தலை முட்டிக்கொண்டது. வெளியே காத்திருந்த வாடிக்கையாளருக்கு உள்ளேயிருந்து வந்த சிரிப்புச் சத்தம் எதற்கென்று புரிந்திருக்காது.

இரண்டு வாரம் கழித்து, "எங்க வீட்டுப் பக்கம் வாங்களேன், தண்ணியோரமா நடக்க நல்லா இருக்கும்," என்றார் ஹரிசன்.

"வீடு எங்க?"

"பொங்கோல்."

தேன்மொழிக்கு, குடித்துக்கொண்டிருந்த தே ஓ பெங், பால் கலக்காத ஐஸ் தேநீர், புரையேறியது. வயிற்று வலி வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை போனாள். காற்று வீசியது; பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள்; ஒரு மூதாட்டி நாயைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். அவ்வளவுதான் பொங்கோல். "இதுக்கா பதினெட்டு வருஷம் சுத்திச் சுத்திப் போனேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் அந்த நாய் வண்டியிலிருந்து எழுந்து நின்று பார்த்தது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. யும்னா ஒரு நிகழ்ச்சிக்கு நாள் குறித்திருந்தாள். நூறு நாற்காலி போட்ட சிறிய அரங்கு, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. முக்கால்வாசிப் பாட்டும் விட்டுப் போன காதலைப் பற்றியது. தேன்மொழிக்கோ சோகம் வரவில்லை. என்ன செய்தும் வரவில்லை. வரிகள் மனப்பாடம், கணக்கு சரி, 'ஆய்' என்று தொடங்குவாள். ஹரிசன் முதல் தந்தியைத் தொட்டதும் உதடு தானாக விரிந்துவிடும்.

"அக்கா," என்றாள் யும்னா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "இது புருஷன் விட்டுட்டுப் போன பாட்டு. நீங்க பாடுறது பிறந்தநாளுக்கு கேக் வெட்டுற மாதிரி இருக்கு."

"வெங்காயம் கொண்டாரட்டா?"

"ஹரிசன், நீங்க சிரிக்காதீங்க!"

வீட்டிலும் அதே நிலைமை. காலையில் பல் தேய்க்கும்போதே பாட்டு முணுமுணுப்பு. குளத்தில் பிள்ளைகள் காலை மடக்கினால் மடக்கட்டும் என்று விட்டாள். "என்னடி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பூவம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டவள் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாருடி அந்தப் பையன்?" என்றாள்.

"பையன் இல்லம்மா. நாப்பத்தேழு வயசு."

"எனக்குப் பையன்தான்."

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது யும்னா கட்டளை போட்டுவிட்டாள். பத்து நாளும் இருவரும் சந்திக்கக் கூடாது. போன் இல்லை, செய்தி இல்லை. ஒத்திகையும் தனித்தனியே. பிரிவு என்றால் என்ன என்று இரண்டு பேரும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும் என்றாள். முதல் நாள் தேன்மொழிக்கு நிஜமாகவே கொஞ்சம் சோகம் வந்தது. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. மூன்றாம் நாள் காலை பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில், நீச்சல் தெரியாதவர்களின் வரிசைக் கடைசியில், பெரிய நீச்சல் கண்ணாடியும் இறுக்கமான தொப்பியுமாக ஒருவர் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"ஹரிசன்!"

"பார்க்கக் கூடாதுன்னுதான் யும்னா சொன்னா. நீச்சல் கத்துக்கக் கூடாதுன்னு சொல்லல. கண்ணாடி இல்லாம எனக்கு உங்களைச் சரியாத் தெரியவும் தெரியாது, அதனால இது பார்க்கிறதுல சேராது."

சேர்த்து வைத்த சோகமெல்லாம் அந்த இடத்திலேயே தண்ணீரில் கரைந்தது.

நிகழ்ச்சி நாள் வந்தது. அன்று காலை தேக்காவில் இருவரும் தோசை சாப்பிட்டார்கள். கட்டளைக் காலம் முடிந்துவிட்டது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஹரிசன் கிட்டாரை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மூன்று மணிக்கு வந்துவிடுவேன் என்றார். மூன்றாயிற்று, மூன்றரையாயிற்று. அரங்கு நிறைந்தது. முதல் வரிசையில் பூவம்மா பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றே முக்காலுக்குத் தேன்மொழி அவருக்குப் போன் போட்டாள். அவளுடைய கைப்பைக்குள்ளேயே ஏதோ அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஹரிசனின் போன். காலையில் படம் காட்டுவதற்காகக் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. நான்கு மணி தாண்டியபோது சிரிப்பு நின்றது. மறந்துதான் வைத்தாரா? கண்டுபிடிக்க முடியாதபடி வைத்துவிட்டுப் போனாரா? தேடாதே என்று ஒருவன் சொல்லிவிட்டுப் போனான். இவர் சொல்லாமலே போய்விட்டாரா? காலையில் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு ஏதோ யோசித்துக்கொண்டே இருந்தாரே?

நான்கு இருபதுக்கு யும்னா வந்தாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. "இனிமேலும் தள்ள முடியாது அக்கா. கிட்டாரே இல்லாம பாடுற வகை ஒன்னு இருக்கு, கொல்லப்பட்டறையில பாடுறது. நான் கோலால தரையில தட்டுறேன். நீங்க பாடுங்க."

மேடையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. யும்னா கோலைத் தரையில் ஒரு தடவை இடித்தாள். தேன்மொழி கண்ணை மூடி 'ஆய்' என்று எடுத்தாள். அரங்கில் யாரோ நெஞ்சில் கை வைப்பது கேட்டது. அப்படி ஓர் அமைதி. அதற்கடுத்த வரிதான் வரவில்லை. ஸ்பானியம் முழுக்க மறந்துபோயிற்று. ஒரு சொல் இல்லை. கோல் விடாமல் இடித்தது. அவள் வாயிலிருந்து, அவளே எதிர்பாராமல், தமிழ் வந்தது.

"வாசல் வெளக்கை அணைக்கல,
வழி தெரியாம நீ நிக்கக் கூடாதே.
வரமாட்டேன்னு தெரியும்,
ஆனாலும் அணைக்கல."

கபிலனின் முகம் அவளுக்கு ஒரு தடவைகூட நினைவில் வரவில்லை. இஞ்சித் தேநீர் மூச்சும், குளத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற உருவமும்தான் வந்தன. சந்தோஷமாக இருக்கிறவளுக்குத்தான் இழக்க ஏதாவது இருக்கிறது என்பது அவளுக்கு அந்த மேடையில்தான் உறைத்தது. குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறியது. பூவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அழுதிருக்க வேண்டிய அழுகை இப்போதுதான் வருகிறது என்று அவள் நினைத்தாள்.

"வரமாட்டேன்னு தெரியும்" என்று தேன்மொழி மூன்றாவது முறை இழுத்தபோது பின்கதவு படாரென்று திறந்தது. முதுகில் கிட்டார், நெற்றியில் வேர்வை, சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஹரிசன் வரிசைகளுக்கு நடுவே ஓடி வந்து, மேடையில் தாவி ஏறி, காலி நாற்காலியில் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னார்.

"புக்கிட் பாஞ்சாங்!"

ஒலிவாங்கி அதைப் பிடித்து அரங்கம் முழுக்கச் சொன்னது. அரங்குக்குப் பக்கத்து லிட்டில் இந்தியா நிலையத்தில் சரியாகத்தான் இறங்கியிருக்கிறார். எதையோ யோசித்துக்கொண்டே கூட்டத்தோடு நடந்து, வேறு தடத்து ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். கடைசி நிலையமான புக்கிட் பாஞ்சாங் வந்து, எல்லாரும் இறங்குங்கள் என்று அறிவித்தபோதுதான் தலையை நிமிர்த்தியிருக்கிறார்.

தேன்மொழிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. அதைப் பாட்டாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. காலால் தரையைத் தட்டி வேகத்தை மாற்றினாள். அலெக்ரியாஸ் என்று யும்னா சொல்லிக்கொடுத்திருந்த மகிழ்ச்சிப் பாட்டின் நடை. ஹரிசன் தாவிப் பிடித்துக்கொண்டார்.

"வரமாட்டேன்னு நெனச்சேன்,
வந்துட்டாரு பாரு!
புக்கிட் பாஞ்சாங் போயி
வேர்த்து வந்தாரு பாரு!"

அரங்கு கைதட்டலிலும் சிரிப்பிலும் குலுங்கியது. யும்னா கோலைத் தூக்கி எறிந்துவிட்டு ஆட ஆரம்பித்தாள். ஃபிளமெங்கோவைப் பற்றி ஒன்றும் தெரியாத பூவம்மா எழுந்து நின்று, "விடாதடி!" என்று கத்தினாள், அந்தக் குரலும் கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்து திரைக்குப் பின்னால் வந்ததும் யும்னா ஹரிசனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைக் கொல்லணும் போல இருக்கு. ஆனா அடுத்த மாசமும் இதே மாதிரி லேட்டா வர முடியுமா?"

மறுநாள் காலை தேன்மொழிக்குக் குரலே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. குளத்தில் கையை ஆட்டி ஆட்டிப் பாடம் நடத்தினாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. மதியம் குளத்தை அடுத்த காப்பிக் கடையில் ஹரிசன் எதிரே உட்கார்ந்தார். தட்டைத் தள்ளி வைத்தார். அப்புறம் திரும்ப இழுத்தார்.

"நேத்து ரயில்ல என்ன யோசிச்சிட்டு இருந்தேன்னு நீங்க கேக்கவே இல்ல."

தேன்மொழி புருவத்தை உயர்த்தினாள்.

"உங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு யோசிச்சேன். பதினோரு ஸ்டேஷன் யோசிச்சும் நல்ல வார்த்தை ஒன்னும் கிடைக்கல. அதனால சும்மா கேக்கிறேன். கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. மேசையிலிருந்த டிஷ்யூ ஒன்றை உருவி, பேனா வாங்கி, நிறைய எழுதி அவர்முன் தள்ளினாள். ஹரிசன் அதைப் பார்த்து விழித்தார். பள்ளியில் அவர் மலாய் படித்தவர். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிக்க வரும்.

"மு... த... முதல்ல. அம்... மா. அம்மா... கிட்ட. முதல்ல அம்மாகிட்ட." நிமிர்ந்து பார்த்தார். அவள் மேலே படிக்கும்படி சைகை காட்டினாள். "வந்து... கே... ளு... கேளுங்க. அவங்க... வே... ண்... வேண்டாம்..." அவர் முகம் சுருங்கியது. "வேண்டாம்னு சொ... ன்... னா..." குரல் தேய்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். தேன்மொழி டிஷ்யூவின் கடைசி வரியை விரலால் குத்திக் குத்திக் காட்டினாள்.

"சொன்னா... லும்... வேண்டாம்னு சொன்னாலும்... ச... ரி." அவர் அதைத் திரும்பவும் படித்தார், இந்தத் தடவை ஒரே மூச்சில். "சரி!"

எழுந்தவரின் முழங்கால் மேசையில் இடித்து, ஐஸ் தேநீர் இரண்டும் அவர் சட்டையிலேயே கொட்டின. அதே சட்டையோடு அடுத்த தெருவிலிருந்த தேன்மொழியின் வீட்டுக்கு இருவரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கதவைத் திறந்த பூவம்மா, சொட்டச் சொட்ட நின்ற மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள்.

"உள்ள வாங்க தம்பி," என்றாள். "மொதல்ல ஒரு துண்டு தர்றேன்."